அக்காவுக்கு வைத்த கிரீம்

பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, புருவத்தைக்கூட உயர்த்தக்கூடாது, தடிமனாகப் பூசிக்கொண்டு இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும், மோனிஷா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், கிடக்கிறேன். கூரை மூலையில் ஒட்டடை இருக்கிறது. நிற்கும்போது கண்ணில் படாத ஒட்டடையெல்லாம் படுத்தால்தான் தெரிகிறது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இனிமேல் எடுக்க முடியாது, மோனிஷா பார்த்தால் பார்க்கட்டும், அவள் பார்க்க வருவது ஒட்டடையை இல்லை. கன்னத்தில் சில்லென்று இருந்தது இப்போது இல்லை. முதலில் கொஞ்ச நேரம்தான் சில்லென்று இருக்கும், அப்புறம் உள்ளிருந்து யாரோ தோலைப் பிடித்து மெதுவாக இழுத்துச் சரிசெய்கிற மாதிரி ஒரு இறுக்கம் வரும், அது வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். ஐம்பது கிராம் டப்பா. பச்சைக் கண்ணாடியில் கனமாக இருக்கும், ஏதோ கடலின் அடியிலிருந்து எடுத்த பாசியாம், அந்தப் பாசிக்கு வயசே ஆவதில்லையாம். விலை பதினெட்டாயிரம். அதைக் கேட்ட அன்று மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, மொட்டைமாடித் தொட்டியில் பாசி பிடித்தால் ஆள் வைத்துச் சுரண்டிக் கொட்டுகிறோம், நீ காசு கொடுத்து வாங்கி மூஞ்சியில் அப்பிக்கொள்கிறாயே என்றார். மாமா என்றால் என் கணவர்தான், கல்யாணத்துக்கு முன்னாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன், பின்னாலும் அதுவே நின்றுவிட்டது. காசு கொடுத்தது நான் இல்லை, உங்கள் பெண் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்தது, உங்களுக்கு ஏன் எரிகிறது என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன். உங்கள் பெண் என்றுதான் சொன்னேன். நம் பெண் என்று வந்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக வளர்க்கிறேன், வாய் தவறினால் எந்தப் பக்கம் தவறுகிறது பார். அவர் கவனிக்கவில்லை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார், இன்றைக்கு அவளைக் கூட்டிவர சென்ட்ரலுக்குப் போயிருக்கிறார், பெங்களூர் வண்டி இந்நேரம் வந்திருக்கும். அடுத்த வாரம் அவள் டப்ளினுக்குப் போகிறாள். நேற்று போனில், அம்மா போட்டோவை எடுத்துட்டுப் போறேன் சித்தி, அங்க என் ரூமில் மாட்டிக்கிறேன் என்றாள். சரி என்றேன். சரி என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது, உதட்டைக்கூட அதிகம் அசைக்க வேண்டியதில்லை.

அசையக்கூடாது. மூக்கு நுனியில் அரிக்கிறது, அரிக்கட்டும். இந்த வாசனை எனக்குத் தெரியும், டப்பாவைத் திறந்த முதல் நாளே தெரிந்தது, எங்கே எங்கே என்று தேடி இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. வெள்ளம் வந்த வருஷம், முடிச்சூரில் கீழ்வீட்டில் இருந்தோம், தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனபோது சுவரெல்லாம் கழுத்து உயரத்துக்குப் பச்சையாக ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் போய்விட்டது, மேலே இருந்தது மட்டும் மிச்சம், அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த வாசனை இது. பீரோவில் இருந்த ஆல்பங்கள் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகிவிட்டன. அக்காவின் கல்யாண ஆல்பம், மோனிஷாவின் முதல் பிறந்தநாள், எல்லாம் அந்தப் பாளத்துக்குள். பிரிக்கப் பார்த்தேன், முகங்கள் உரிந்து விரலோடு வந்தன. கோட்டுக்கு மேலே ஆணியில் தொங்கிய படம் ஒன்றுதான் பிழைத்தது. ஆரணியில் ஸ்டூடியோவில் எடுத்தது, மாம்பழக் கலர் பட்டு, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு. அம்மா வீட்டில் இருப்பவை எல்லாம் பாவாடை சட்டைப் படங்கள், அவற்றில் அவள் யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். சுகந்தி என்ற மனுஷிக்கு, மோனிஷாவைப் பெற்றவளுக்கு, இந்த உலகத்தில் முகம் என்று இருந்தது அந்த ஒரு படத்தில்தான். போனில் படம் பிடித்து வைத்திருக்கலாமே என்றால், வைத்திருக்கிறோம், எதை எடுத்தாலும் கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து முகம் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், சுவரில்தானே இருக்கிறது, எங்கே போகப்போகிறது.

அக்கா மூளைக் காய்ச்சலில் போனபோது மோனிஷாவுக்கு மூன்று வயது. எனக்கு இருபத்தைந்து. குழந்தைக்காக என்றார்கள். எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள், அந்த வார்த்தையில் நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை, எட்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. எங்கள் வீடுகளில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள், அவள் செத்தவள் இல்லை, சாமி. மூங்கில் பெட்டியில் அவளுக்கென்று புதுச்சேலை வைக்க வேண்டும், வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிட்டு வேறு புதுசு வைக்க வேண்டும், எடுத்த சேலையை, அதாவது ஒரு வருஷம் அவள் கட்டியிருந்த சேலையை, வீட்டுக்காரி கட்டிக்கொண்டு விளக்கேற்ற வேண்டும். இப்போது என் உடம்பில் இருப்பது அதுதான். பெட்டிக்குள் மடித்திருந்த மடிப்பு இன்னும் போகவில்லை, இடுப்பில் குத்துகிறது. அதோடு போகாது. வீட்டுக்குள் புதுசு எது வந்தாலும் முதலில் அவளுக்கு. மாம்பழம் வந்தால் முதல் பழம் அவள் படத்தின் முன்னால், வளையல் வாங்கினால் அங்கே வைத்து எடுத்த பிறகுதான் என் கைக்கு, மிக்ஸி வாங்கியபோது அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். நான் எதையும் புதுசாகத் தொட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகத்தான் சொல்கிறேன், முகத்தில் கிரீம் காய்கிறபோது பொய் எதற்கு. மாமா என்னைப் பார்க்கும்போதுகூட முதலில் அவளுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் என் பக்கம் தள்ளுகிறார் என்று தோன்றியதுண்டு. அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அதனால்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும். வாயைச் சுற்றி இறுகுகிறது. மோனிஷா சின்னவளாக இருந்தபோது, ஏழு வயசோ எட்டோ, படத்தின் முன்னால் நின்றுகொண்டு, அம்மா பேசினா வாய் எப்படி இருக்கும் சித்தி என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு அக்கா பேசியது நினைவே இல்லை. மூடிய வாய்தான் அவளுடைய அம்மா. அக்கா ஏன் வாயை அப்படி மூடிக்கொண்டு படம் எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெத்துப்பல், மேல்வரிசையில் வலது பக்கம், பேசும்போது உதட்டுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப்பார்க்கும், படம் எடுக்கிறபோதெல்லாம் மறைத்துவிடுவாள். எனக்குப் பல்வரிசை நேராக இருக்கும், எங்கள் வீட்டில் எனக்கென்று பாராட்டுக் கிடைத்தது அது ஒன்றுக்குத்தான். மோனிஷாவிடம் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெத்துப்பல்டி செல்லம், பேசினா அழகா இருக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். என்னை மாதிரியேதான் இருக்கும் என்றேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எதாவது பேசுங்க சித்தி என்றாள், இட்லி ஆறுது வா என்றேன், அதையும் பார்த்தாள். அந்தப் பல்லை நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

வொர்த்தா சித்தி, ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள், அவ்வளவு காசுக்கு வொர்த்தா. பெண்ணுக்குத் தான் வாங்கிக் கொடுத்தது பலித்ததா என்று தெரிய வேண்டும், நியாயம்தானே. கீழ் வீட்டில் இருப்பவர் தோல் டாக்டர், லிஃப்ட்டில் பார்த்தபோது கேட்டேன். சிரித்தார். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வழவழப்பாக இருக்கும், இருநூறு ரூபாய் கிரீமும் அதைத்தான் செய்கிறது, மிச்சம் டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கிற காசு, உங்கள் கன்னத்தில் இருக்கிற மங்கு இதற்கெல்லாம் போகாது, வெயிலில் அலையாதீர்கள் என்றார். மங்கு எனக்கு இடது கன்னத்தில், சப்போட்டாத் தோல் நிறத்தில், நாலைந்து வருஷமாக. படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன், அதையேதான் மோனிஷாவிடம் சொல்லவும் இருந்தேன். போன மாதம் அதே டாக்டர் அதே லிஃப்ட்டில் என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, எந்த டாக்டரிடம் போனீர்கள் என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை, கோபம்கூட வந்திருக்கும். மூன்றாவது மாடியில் இறங்கும்வரை என்னைப் பார்க்காமல் நம்பர் எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. மங்கு போகவில்லை டாக்டர், இடம் மாறியிருக்கிறது.

டப்பா வந்த நாள். கூரியரைப் பிரித்தேன், பழக்கத்தில் கால் தானாக ஹாலுக்குப் போயிற்று, படத்தின் முன்னால் வைத்தேன், எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மிக்ஸிக்கு அதுதானே செய்தோம். ஆனால் கிரீம் மிக்ஸி இல்லை, முகத்துக்கானது, முகம் அங்கே இருக்கிறது. சந்தனம் வைப்பதுபோலக் கண்ணாடிமேல் வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன், கண்ணாடியில் வைத்தால் கண்ணாடிக்குத்தானே போகும், அவள் முகத்துக்கு எப்படிப் போய்ச்சேரும் என்று ஒரு யோசனை. இவ்வளவு விலை கொடுத்துக் குழந்தை வாங்கியிருக்கிறாள், பெற்றவளுக்கு ஏமாற்றிக் கொடுக்கலாமா. நல்ல எண்ணம்தான். இன்றைக்கு வரைக்கும் நல்ல எண்ணம் என்றுதான் நினைக்கிறேன். ஆணியிலிருந்து கழற்றி, பின்னால் இருந்த கொக்கிகளைத் திருப்பி, அட்டையை எடுத்து, படத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. மோதிர விரலால் தொட்டு இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். இந்தா என்றேன். எந்த இடது என்று இப்போது குழம்புகிறது. அவளுடைய இடதா, பார்க்கிற எனக்கு இடதா. கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது மங்கு எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கம் வைத்தேன், கை அங்கேதான் போயிற்று. துடைக்க வேண்டும் என்று நினைத்தபோது சிலிண்டர்காரர் மணி அடித்தார். அப்படியே செருகி, அட்டையை வைத்து, கொக்கியைத் திருப்பி, மாட்டிவிட்டுப் போனேன். அப்புறம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

படத்துக்கு மல்லிகைச் சரம் சார்த்தியிருக்கும், கன்னம் வரைக்கும் பூ. அடுத்து பூ மாற்றும்போது பார்த்தால் கன்னத்தில் ஒரு புள்ளி. பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம். கண்ணாடியில்தான் அழுக்கு என்று முந்தானையால் துடைத்தேன், போகவில்லை, உள்ளே இருந்தது. அடுத்த முறை அது என் மங்கு அளவுக்கு இருந்தது, அளவு என்றால் அதே வடிவம், மூக்குப் பக்கம் கூர்மையாகி காதுப் பக்கம் அகன்று. அன்று சாயங்காலம்தான் பள்ளிக்கூட ஆபீசில் கூட வேலை பார்க்கிற ஹேமலதா, என்னப்பா வசுமதி, மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மங்கு வெளுத்திருந்தது. கையில் டப்பாவை வைத்துக்கொண்டு ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்தேன், இந்தக் கன்னம், அந்தக் கன்னம், இந்தக் கன்னம், அந்தக் கன்னம். காற்றுப் புகாமல் ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சைதான் பிடிக்கும், சென்னைப் புழுக்கத்துக்கு ஷூவிலேயே பிடிக்கிறது, எனக்கு அது தெரியாதா. பி.எஸ்ஸி. படித்திருக்கிறேன். தெரிந்துகொண்டு என்ன செய்ய, பயமாக இருந்தது.

நிறுத்திப் பார்த்தேன். கிரீமை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கொஞ்ச நாளில் என் கன்னத்தில் பழுப்பு திரும்பி வந்தது, முதலில் ஓரம், அப்புறம் நடு, விட்டுப்போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவதுபோலச் சாவகாசமாக. படத்தில் புள்ளி வளரவில்லை. தினமும் பூவை விலக்கிப் பார்த்தேன், ஒரு நூல் வளரவில்லை. அப்படியானால் சரி, தெரிந்துவிட்டது, இதோடு நிறுத்திவிட வேண்டியதுதான், மூக்கும் கண்ணும் வாயும் இன்னும் நன்றாக இருந்தன, ஒரு கன்னம் போனால் பூவை வைத்து மறைத்துக்கொள்ளலாம். இப்படித்தான் யோசித்தேன், தெளிவாக, காய்கறி நறுக்கிக்கொண்டே. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். சும்மா பார்த்தார். அதற்கு முந்தின வாரங்களில் அவர் பார்த்த பார்வை ஒன்று உண்டு, தட்டை வாங்கும்போது கை நின்றுவிடும், என்ன மாமா என்றால் ஒன்றும் இல்லை என்பார், போன தீபாவளி வரைக்கும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அது இல்லை அன்றைக்கு. பழையபடி மோர்க் கிண்ணத்தைப் பார்க்கிற பார்வை. கையைக் கழுவிவிட்டு அரிசி டப்பாவை நகர்த்தினேன். தெரிந்துதான் எடுத்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் யாரிடம் சொல்வது, சொல்வதற்கென்று எனக்கு இருந்தது அக்கா ஒருத்திதான்.

மூக்கு போயிற்று. வலது கண் போயிற்று, அன்றைக்கு என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் இல்லை. இடது கண்ணும் போயிற்று, நெற்றிப் பொட்டு சிவப்பாகக் கொஞ்ச நாள் நின்றது. பயந்துபோய்ப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாண்டி பஜார் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். சேலை அருமையாக இருக்கிறது, கழுத்துச் செயின் அப்படியே இருக்கிறது, முகத்தில்தான் வாயைத் தவிர ஒன்றும் இல்லை, வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். கூடப்பிறந்தவங்களா மேடம், ஜாடை சரியா இருக்கும், உங்க முகத்தை ஒரு படம் எடுத்து இதுல வச்சுடலாம், யாருக்கும் தெரியாது, உக்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்தார். மாம்பழக் கலர் பட்டுக்குள் என் முகம், மேலே மல்லிகைச் சரம், கீழே ஊதுபத்தி. உயிரோடு சுவரில் தொங்கிக்கொண்டு, சமையற்கட்டிலிருந்து வந்து எனக்கு நானே விளக்கேற்றுவது. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், வெயிலில் நின்று மூச்சு வாங்கினேன், வெயில் ஆகாதே என்று முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டேன். அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது.

போதும், ஆகியிருக்கும். இன்றைக்கு எதற்குப் பூசினேன். அவள் வந்து படத்தைக் கழற்றப் போகிறாள், பூவை விலக்கிப் பார்க்கப் போகிறாள், கடைசிவரைக்கும் மிச்சம் இருந்தது வாய் மட்டும்தான், மூடிய வாய், காலையில்கூட இருந்தது. காலையில் இருந்ததா. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேனா. இருந்தது, பூ மாற்றும்போது இருந்தது, ஒரு வாயாவது அவளுக்கு மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தேன், அப்புறமும் ஏன் டப்பாவைத் திறந்தேன். உதட்டோரத்தில் கோடு விழுந்திருக்கிறது, அதனால் திறந்தேன். இதுதான் பதில். மோனிஷா ஒரு வருஷம் கழித்து என்னைப் பார்க்கிறாள், வொர்த்தா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று திறந்தேன். கையை மெதுவாகக் கொண்டுபோய்க் கன்னத்தைத் தொடுகிறேன், துணியால் துடைக்க வேண்டும், துடைக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு தடிமனாகப் பூசியது எங்கே போயிற்று. விரலில் பிசுக்குக்கூட ஒட்டவில்லை. தோல் எல்லாவற்றையும் குடித்திருக்கிறது. உதட்டின்மேல் விரல் போனபோது, அது என் உதடுதான், ஆனால் விரலுக்குப் பழக்கம் இல்லாத உதடாக இருந்தது. எழுந்துகொண்டேன். பெட்டிச் சேலையின் மடிப்பு சரசரத்தது. கண்ணாடி பார்க்கவில்லை, பார்க்காமலே தலையைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்குப் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. டியூப்லைட் ஸ்விட்சில் கையை வைத்தேன், போடவில்லை. மூங்கில் பெட்டியின் முன்னால் விளக்கை மட்டும் ஏற்றினேன். பூவைக் கன்னத்துக்கு மேலே, கண்ணுக்கு மேலே, நெற்றிவரை இழுத்துவிட்டேன், அதற்குமேல் பூ இல்லை. மணி அடித்தது.

மோனிஷா ஒரு சுற்று இளைத்திருந்தாள். மாமா பின்னால் சூட்கேஸோடு லிஃப்ட்டிலேயே மாட்டிக்கொண்டு சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துவிட்டாள், ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது, வண்டியில் வந்த இரும்பு வாசனை அடித்தது.

"வொர்த்துதான் சித்தி" என்றாள்.

சொல்லிவிடலாம், இப்போதே, அவள் உள்ளே போவதற்குள், மோனி, படம் கெட்டுப்போச்சுடி, நான்தான் கெடுத்தேன். நாலு வார்த்தை. அவள் அதற்குள் கையை எடுத்துவிட்டாள், நேரே போய்விட்டாள், எப்போது வீட்டுக்கு வந்தாலும் முதலில் அங்கே போய் நிற்கிறவள்தானே. நானும் பின்னாலேயே போனேன். சரத்தின் நுனியைப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளத்தின் வாசனை அடித்தது, அது படத்திலிருந்து வந்ததா என் முகத்திலிருந்து வந்ததா தெரியவில்லை. அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்தேன். விளக்கு கீழேயிருந்து எரிந்துகொண்டிருந்தது, மாம்பழக் கலர் பட்டும் செயினும் அப்படியே இருந்தன, அதற்கு மேலே கறும்பச்சையாக ஒரு இருட்டு, வாயும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்த இருட்டின்மேல் கண்ணாடியில் ஒரு முகம் விழுந்திருந்தது. சரியாகப் பொருந்தியிருந்தது, கழுத்துக்கு மேலே, ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லாமல். மங்கு இல்லாத கன்னம், கருவளையம் இல்லாத கண். என் முகம்தான். நான் பின்னால் நிற்கிறேன், விழுகிறது. நான் ஒதுங்கினால் போய்விடும். ஒதுங்க நினைத்தேன், என் கால் அசைவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நகராதீங்க சித்தி" என்றாள், திரும்பாமல், மெதுவாக. "கொஞ்ச நேரம். அப்படியே நில்லுங்க."

நின்றேன். அவளுக்குத் தெரியும், படத்தில் முகம் இல்லை என்று தெரியும், நிற்பது நான்தான் என்றும் தெரியும், இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெண். கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன், படத்துக்கு ஏது மூச்சு. இருபது நிமிஷம் அசையாமல் கிடந்து பழகியது இதற்குத்தான் என்று பட்டது. இப்படியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன், அவள் டப்ளினுக்குப் போகும்வரை நிற்பேன், பூசிய கிரீமுக்கெல்லாம், போன முகத்துக்கெல்லாம், நின்றே கொடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். மாமா சூட்கேஸை உள்ளே இழுத்துவைத்துவிட்டு, என்ன விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் இருட்டில் நிற்கிறீர்கள், லைட்டைப் போடட்டுமா என்று ஸ்விட்ச் பக்கம் போனார். லைட் வந்தால் எல்லாம் போய்விடும், டியூப்லைட்டின் வெள்ளைக் கோடுதான் விழும்.

"வேணாம் மாமா" என்றேன்.

பேசியது நான். கண்ணாடிக்குள் அந்த வாய் அசைந்தது. மாமாவின் கை ஸ்விட்சில் அப்படியே நின்றுவிட்டது. மோனிஷா படத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், யாரும் அவளுக்குச் சொல்லியிராத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெத்துப்பல்லா சித்தி?"

என் நாக்கை மேல்வரிசைக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.